மழை விடாத மாதங்களில் குறுக்கோட்டப் பயிற்சி

ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள ரெங்கத்தில் டிசம்பரும் ஜனவரியும் வந்துவிட்டால், காலையில் பிடித்த மழை மாலைவரை விடாத நாட்கள் வரிசையாக வரும். பள்ளிகளில் ‘மெரந்தாஸ் டேசா’ என்று எல்லோரும் அழைக்கும் குறுக்கோட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியில் நடக்கின்றன. ஆகவே, உடம்பைத் தயார் செய்ய வேண்டிய மாதங்களும் வடகிழக்குப் பருவமழை மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மழை விடட்டும் என்று காத்திருப்பவர் பாதிப் பயிற்சியோடுதான் போட்டிக் கோட்டில் போய் நிற்பார்.

தொடர்ந்து 30 நிமிடம் மெதுவாக ஓட முடிகிற யாரும் இந்த அத்தியாயத்தைப் பின்பற்றலாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் கூடவே ஓட வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

அத்தியாயம் முழுக்க அடிப்படையாக இருக்கும் விதி இதுதான்: நனைவதற்காக ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். இடி, ஓடும் தண்ணீர், இருட்டு ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிடுங்கள். அந்த முடிவை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். பாதி வழியில், உடம்பு சூடாகி உற்சாகம் ஏறியபின் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே போகும்.

## 1. எந்த மழை என்று பாருங்கள்

எல்லா மழையையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். நம் வட்டாரத்தில் ஓட்டக்காரர் அறிந்திருக்க வேண்டியவை மூன்று.

மாலை இடிமழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டியும் அதிகம் வரும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகல் 2 மணிக்குமேல் வானம் கறுக்கும். மின்னலோடு கொட்டித் தீர்க்கும். இந்த மாதங்களில் ஓட்டத்தைக் காலைக்கு மாற்றிவிடுங்கள்.

அடைமழை. நவம்பரிலிருந்து மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவத்தின் மழை இது. இடி குறைவு, நேரம் அதிகம். நாள்கணக்கில் பெய்தால் தாழ்நிலங்களும் ஆற்றோரங்களும் நிரம்பிவிடும். 2006 டிசம்பரில் தொடங்கி 2007 ஜனவரிவரை நீடித்த வெள்ளமும், 2023 மார்ச் மாத வெள்ளமும் குளுவாங் மாவட்டத்தையும் விடவில்லை. இந்த மழையில் ஓடலாம். ஆனால் எந்தத் தடத்தில் ஓடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுமத்ராக் காற்றுமழை. தென்மேற்குப் பருவ மாதங்களில் விடியலுக்கு முன்போ விடியும் வேளையிலோ மேற்கிலிருந்து பலத்த காற்றோடு வரும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அதை எதிர்த்து ஓடாமல் பொறுத்திருந்து, பிறகு கிளம்புங்கள்.

குறிப்பு: மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலியில் எச்சரிக்கைகளைப் பார்க்கலாம். ஆற்று நீர்மட்டத்துக்கு, நீர்ப்பாசன வடிகால் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ இணையப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டையும் முந்தின இரவு ஒருமுறையும் கிளம்பும் முன் ஒருமுறையும் பார்த்தால் போதும்.

## 2. காலடி மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

மண்ணியலாளர்கள் ஒரு மண் வகைக்கே நம் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். ‘ரெங்கம் சீரிஸ்’ என்பது கருங்கல் பாறை சிதைந்து உண்டான மண், களிமண்ணோடு பரும்படியான மணல் கலந்தது, ஆழமானது, தண்ணீரை நன்றாக வடியவிடுவது. தீபகற்ப மலேசியாவில் பல இடங்களில் இது பரந்து கிடக்கிறது. ஓட்டக்காரருக்கு இதில் ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு.

நன்மை: மேட்டு நிலம் சீக்கிரம் வடிந்துவிடும். இரவெல்லாம் பெய்த மழை விட்டபின் மேட்டுப் பாதையில் கால் பதிந்து ஓட முடியும்.

ஆபத்தைப் பார்க்க, நிறையப் பேர் நடந்து தேய்ந்த சரிவுப் பாதையில் குனிந்து பாருங்கள். நுண்ணிய களிமண்ணை மழை அரித்துக்கொண்டு போயிருக்கும். கெட்டியான தரைமேல் கற்கண்டுத் தூள் போன்ற மணல் மட்டும் மிஞ்சியிருக்கும். இறக்கத்தில் வேகமாக வந்து அதன்மேல் குதிகாலை ஊன்றினால், மணல் உருளும், காலும் அதோடு போகும். அரித்துப்போன களிமண் பள்ளத்தில் படிந்து வழவழப்பாகக் கிடக்கும். ஆகவே சரிவில் மணலையும் பள்ளத்தில் சேற்றையும் எதிர்பாருங்கள்.

மற்ற தரைகள்:

- தோட்டத்துச் செம்மண் சாலை: அடியில் கெட்டி, மேலே மெல்லிய சேற்றுப் படலம். லோரிச் சக்கரம் போன இரண்டு தடங்களிலும் தண்ணீர் தேங்கும். நடுவில் புல் முளைத்த மேட்டில் ஓடினால் பிடிமானம் கிடைக்கும்.
- புல்தரை: விழுந்தாலும் அடி குறைவு. ஆனால் குழிகள் மறைந்திருக்கும். முதல் சுற்றை நடந்தே பாருங்கள்.
- தார்ச்சாலை: மழை பிடித்த முதல் சில நிமிடங்களில் எண்ணெய்ப் பசையும் தூசியும் கலந்து வழுக்கும். செம்பனைக் குலை லோரிகள் திரும்பும் முனைகளில் இது இன்னும் மோசம். வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள் ஆகியவற்றை மிதிக்காதீர்கள்.
- பாசி பிடித்த சிமெண்டு: லோங்கான் (வடிகால்) ஓரம், சிறு பாலம், பழைய தோட்ட வீடுகளின் வாசல். ஓட வேண்டாம், நடந்து கடந்துவிடுங்கள்.

## 3. மழைக்காலத் தடம் அமைக்கும் முறை

வெயில் நாளில் ஓடிய 8 கிலோமீட்டர் வட்டத்தை மழைக்காலத்திலும் அப்படியே ஓட நினைக்க வேண்டாம். கீழ்க்கண்ட வரிசையில் புதிய தடம் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

1. அனுமதி கேளுங்கள். செம்பனைத் தோட்டமும் ரப்பர் தோட்டமும் ஒருவருடைய சொத்து. வேலை நடக்கும் இடம். அலுவலகத்திலோ காவலரிடமோ பேசி, எந்த நாட்களில் எந்தப் பகுதியில் குலை வெட்டுகிறார்கள், எங்கே மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
2. மேட்டில் 1 முதல் 1.5 கிலோமீட்டர் சுற்றுவட்டம் தேடுங்கள். சின்ன வட்டத்தைப் பலமுறை சுற்றுவது சலிப்புத் தரலாம். ஆனால் இடி கேட்டால் சில நிமிடங்களில் பத்திரமான இடத்துக்கு வந்துவிடலாம். அதற்காகவே இந்தச் சிறிய வட்டம்.
3. வட்டத்தின் ஓரிடத்தில் சுவரும் கூரையும் உள்ள கட்டடமோ நிறுத்திய காரோ இருக்கட்டும். திறந்த கொட்டகையும் பேருந்து நிறுத்தமும் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல.
4. மழை இல்லாத நாளில் முழுத் தடத்தையும் நடந்து பாருங்கள். வடிகால், மதகு, குழி, கம்பிவேலி, நாய் இருக்கும் வீடு எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.
5. பலத்த மழை விட்ட மறுநாள் மீண்டும் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். குறுக்கே ஓடும் இடம் ஒன்று இருந்தாலும் அந்தத் தடம் வேண்டாம்.
6. மாற்றுத் தடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் திடலின் ஓரம் அல்லது வாகனம் குறைந்த குடியிருப்புச் சாலை போதும். முதல் தடம் மூழ்கும் வாரங்களில் அது கைகொடுக்கும்.

குறிப்பு: செம்பனை வரிசைகளுக்கு இடையே வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மட்டைக் காம்பின் ஓரத்தில் உள்ள முட்கள் சப்பாத்தின் மேல்துணியைத் துளைக்கும். அடுக்குக்குள் பாம்பும் எலியும் இருக்கலாம். சாலையை விட்டு வரிசைக்குள் இறங்க வேண்டாம்.

## 4. உடுப்பும் சப்பாத்தும்

விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. தண்ணீரைப் பிடித்து வைக்காத பொருளாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

மேலுடை: மெல்லிய செயற்கை இழைச் சட்டை. பருத்தி பனியன் தண்ணீரைக் குடித்துக் கனத்து, அக்குளிலும் மார்பிலும் உரசிப் புண்ணாக்கும். பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம் நல்லது. மழைத்திரைக்கு நடுவில் லோரி ஓட்டுநரின் கண்ணில் படும்.

மழைக்கோட்டு: ஓடும்போது வேண்டாம். நம் ஊர் மழையில் வெப்பம் அவ்வளவாக இறங்குவதில்லை. பிளாஸ்டிக் கோட்டுக்குள் வியர்வை ஆவியாகாமல் உடம்புச் சூடு ஏறும், தலைசுற்றும். கோட்டை ஓட்டம் முடிந்தபின் போட்டுக்கொள்ள வைத்திருங்கள்.

தொப்பி: முன்விளிம்பு உள்ள தொப்பி கண்ணில் விழும் மழையைத் தடுக்கும். கண்ணாடி அணிபவர்களுக்கு இது கட்டாயம்.

சப்பாத்து: ரப்பர் மரம் சீவுபவர்கள் காலம்காலமாகப் போட்டுவந்த கறுப்பு ரப்பர் சப்பாத்தை மலேசியாவில் ‘அடிடாஸ் கம்போங்’ என்பார்கள். தண்ணீரை உறிஞ்சாது, அடியில் குமிழ்கள் உண்டு, விலை குறைவு. மலையேறுபவர்களும் காட்டுப்பாதையில் ஓடுபவர்களும் இதை விரும்பி அணிகிறார்கள். சேற்றுப் பயிற்சிக்கு நல்ல தேர்வு. ஆனால் மெத்தை கிடையாது. தார்ச்சாலையில் நெடுநேரம் ஓடினால் கெண்டைக்காலும் குதிகாலும் வலிக்கும். முதலில் 10 நிமிடம், பிறகு 15, பிறகு 20 என்று பழகுங்கள். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து அளவெடுங்கள். மெத்தை உள்ள சப்பாத்துத்தான் வேண்டுமென்றால், அடியில் ஆழமான பற்கள் உள்ளதாகப் பாருங்கள்.

கிளம்பும் முன்: விரல் இடுக்கு, குதிகால், உள்தொடை, அக்குள் ஆகிய இடங்களில் வாஸலின் தடவுங்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். கைப்பேசியையும் அடையாள அட்டையையும் இழுத்து மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டுங்கள்.

## 5. ஒரு நாள் ஓட்டம்: தொடக்கம் முதல் முடிவு வரை

1. வெளிச்சத்தைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் நம் பக்கம் சூரியன் உதிக்கக் காலை 7 மணி ஆகிவிடும். கருமேகம் மூடிய நாளில் தோட்டத்துக்குள் வெளிச்சம் இன்னும் தாமதமாகும். தரை தெளிவாகத் தெரியும்வரை கிளம்ப வேண்டாம். மாலையில் 6.30 மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.
2. வாசலில் நின்று 10 நிமிடம் காது கொடுங்கள். ஓர் இடி கேட்டாலும் இப்போதைக்கு ஓட்டம் இல்லை.
3. வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.
4. கூரைக்குக் கீழ் உடம்பைச் சூடேற்றுங்கள். 8 நிமிடம்: இடத்திலேயே நடை, முழங்கால் தூக்கல், கணுக்கால் சுழற்றல், பாதி உட்கார்ந்து எழுதல். மழையில் நின்றுகொண்டு தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சி செய்ய வேண்டாம்.
5. முதல் சுற்று நடை. இரவில் மரம் விழுந்திருக்கலாம், மண் அரித்திருக்கலாம். அவசரமாக இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.
6. நிமிடக் கணக்கில் ஓடுங்கள். சேற்றில் வேகம் குறைவது இயல்பு. கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரத்தோடு சண்டை போட வேண்டாம். முழு வாக்கியம் பேச முடிந்தால் எளிய ஓட்டம்; நாலைந்து சொல் மட்டும் வந்தால் நடுத்தரம்; ஒரு சொல்லுக்குமேல் வராவிட்டால் கடினம். இந்தப் பேச்சளவே போதும்.
7. அடியைக் குறுக்குங்கள். சிறிய அடி, விரைவான அடி. பாதம் இடுப்புக்கு நேர்கீழே விழட்டும். கைகளைச் சற்று அகட்டி வையுங்கள். பார்வை மூன்று, நான்கு அடி முன்னால் இருக்கட்டும்.
8. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். திரும்பிக்கொண்டே வேகம் குறைத்தால் வழுக்கும். இறக்கத்தில் முழங்காலை மடக்கி, பாதம் முழுவதும் தரையில் படும்படி இறங்குங்கள்.
9. தண்ணீர் குடியுங்கள். மழையில் வியர்ப்பது தெரியாது, ஆனால் வியர்க்கும். 45 நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டமென்றால் நடுவில் சில வாய் குடித்துவிடுங்கள்.
10. முடித்த உடனே உடுப்பை மாற்றுங்கள். நின்றவுடன் குளிர் ஏறும். துவட்டிக்கொண்டு உலர்ந்த சட்டை போட்டபின் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சோப்புப் போட்டுக் குளித்து, சூடான மைலோவோ கஞ்சியோ குடியுங்கள்.

## 6. ஒரு வார அட்டவணை

2025 முதல் ஜொகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

- திங்கள்: ஓய்வு.
- செவ்வாய்: மேட்டு ஓட்டம். 10 நிமிடம் எளிதாக. பிறகு மேட்டில் 45 வினாடி நடுத்தர வேகத்தில் ஏறி நடந்து இறங்குதல், 6 முறை. முடிவில் 10 நிமிடம் எளிதாக.
- புதன்: 30 நிமிடம் எளிய ஓட்டம்.
- வியாழன்: கோல் ஊன்றி ஏறும் பயிற்சி, 30 நிமிடம் (அடுத்த பகுதியில்).
- வெள்ளி: ஓய்வு, அல்லது வீட்டுக்குள் 20 நிமிடம்: ஒற்றைக்காலில் நிற்றல், குதிகால் உயர்த்தல், பாதி உட்காரல், முன்கையில் உடம்பைத் தாங்கல்.
- சனி: 50 நிமிடம் எளிய ஓட்டம். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 70 வரை போகலாம்.
- ஞாயிறு: 30 நிமிட நடை அல்லது மிக எளிய ஓட்டம்.

நான்காவது வாரம் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து உடம்புக்கு இளைப்பாறல் கொடுங்கள்.

மழை ஒரு நாளைத் தின்றுவிட்டால்: விட்டுப்போன பயிற்சியை மறுநாளுக்கு நகர்த்துங்கள். மேட்டு ஓட்டமும் நீண்ட ஓட்டமும் அடுத்தடுத்த நாட்களில் வரக்கூடாது. இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் செய்து ஈடுகட்ட வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் வெளியே போக முடியாவிட்டால் மாடிப்படி ஏறலாம், கயிறு குதிக்கலாம். அந்த வாரம் சனிக்கிழமை ஓட்டத்தைக் கூட்டாமல் பழைய அளவிலேயே ஓடுங்கள்.

## 7. கோல் ஊன்றி மேடேறுதல்

இந்தப் பயிற்சியை நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பனி இல்லாத மாதங்களில் அவர்கள் இரண்டு கைகளிலும் கோல் பிடித்துக் குன்றுகளில் ஏறுகிறார்கள்; சக்கரம் வைத்த சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு தார்ச்சாலையில் பழகுகிறார்கள். பனியே விழாத டொங்கா தீவைச் சேர்ந்த பீட்டா டவுஃபடோஃபுவா இப்படித்தான் சக்கரச் சறுக்கில் பயின்று, 2018ஆம் ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் சறுக்கோட்டத்தை ஓடி முடித்தார். காப்பித் தோட்டங்களும் கனமழையும் உள்ள குடகில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டாவும் இந்தியாவுக்காக இந்த விளையாட்டில் சர்வதேசப் போட்டிகளில் பங்கேற்கிறார். பிறந்த ஊரில் பனி இல்லாதது இவர்களைத் தடுக்கவில்லை.

குறுக்கோட்டக்காரருக்கு இதில் கிடைக்கும் பயன்: மூச்சும் தொடையும் கடுமையாக உழைக்கும், கைகளும் வயிற்றுத் தசையும் சேர்ந்து பலப்படும், வழுக்கும் மேட்டில் இரண்டு கூடுதல் ஊன்றுகோல் இருக்கும்.

1. கோலின் நீளம்: உங்கள் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 160 செ.மீ. உயரமானவருக்குச் சுமார் 107 செ.மீ. மலையேறும் கோல் இல்லாவிட்டால் நேரான மூங்கில் போதும். நுனியில் ரப்பர்த் துண்டைக் கட்டுங்கள்.
2. மேடு: 60 முதல் 80 அடி தூரம் சீராக ஏறும் புல்மேடு அல்லது செம்மண் மேடு. விடுமுறை நாளில் குளுவாங்கில் உள்ள லம்பாக் மலைக்குப் போகலாம். சுமார் 510 மீட்டர் உயரம். ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது அந்தப் பாதையில் ஏறவே வேண்டாம்.
3. நடை: வலக்கால் முன்வரும்போது இடக்கோல் ஊன்றும். கோல் நுனி பாதத்துக்குச் சற்றுப் பின்னால் விழட்டும். கையைப் பின்னோக்கி முழுதாகத் தள்ளுங்கள்.
4. அளவு: முதல் வாரம் 6 முறை, பிறகு 8, பிறகு 10. இறங்கும்போது நடை மட்டும்.
5. கைவாரை மாட்டாதீர்கள். வழுக்கி விழும்போது கோலைக் கைவிட முடிய வேண்டும். மாட்டியிருந்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் திருகிக்கொள்ளும்.

எச்சரிக்கை: சக்கரச் சறுக்கை ஈரச்சாலையில் முயல வேண்டாம். பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது. ஈரத்தில் கோல்நுனியும் சக்கரமும் பிடிக்காது. எதிரே குலை லோரி வந்தால் நிறுத்த வழியில்லை.

## 8. பாதுகாப்பு

மின்னல். ஓடும்போது இடி கேட்டால் உடனே சுவருள்ள கட்டடத்துக்கோ காருக்கோ போங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவென்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் தலைக்கு மேலும் விழலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். தனிமரத்தடியில் நிற்காதீர்கள், திடல் நடுவில் நிற்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள். கூட்டமாக இருந்தால் இடைவெளி விட்டுப் போங்கள்.

ஓடும் தண்ணீர். கணுக்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்காதீர்கள். ஏறத்தாழ 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே பெரியவரின் காலை வாரிவிடும். தோட்டத்து வடிகாலும் சாலையும் ஒரே மட்டத்தில் மூழ்கிவிட்டால் எது எங்கே என்று தெரியாது. திரும்பிவிடுங்கள்.

எலிச் சிறுநீர்க் காய்ச்சல். தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்த எலியின் சிறுநீர் வழியாக, கீறல் அல்லது கண், வாய் மூலம் தொற்றும். மலேசியாவில் 2010 முதல் இது அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கண்சிவப்பு, கெண்டைக்கால் வலி என்று தொடங்கும். ஓட்டக்காரர் ஏமாறுவது இங்கேதான்: கெண்டைக்கால் வலியை மேட்டு ஓட்டத்தின் வலி என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். பயிற்சி வலிக்குக் காய்ச்சல் வராது. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் அன்றே கிளினிக்குக்குப் போய், சேற்றிலும் தேங்கிய நீரிலும் ஓடியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் புண்ணோடு சேற்றில் இறங்கவே கூடாது. மண்ணில் வாழும் வேறு கிருமிகளும் அவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

பாம்பு. எலி இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் நாகமும் இருக்கும். பாதை நடுவில் ஓடுங்கள். மட்டை அடுக்கைத் தாண்டாதீர்கள். கடித்துவிட்டால் கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு, சப்பாத்தைக் கழற்றி, 999க்கு அழையுங்கள். கத்தியால் கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். நம் வட்டாரத்துக்குப் பெரிய மருத்துவமனை குளுவாங்கில் உள்ள என்சே பெசார் ஹாஜா கல்சம் மருத்துவமனை.

வாகனமும் மரமும். மழைச் சத்தத்தில் டிராக்டர் வருவது கேட்காது; காதில் பாட்டுக் கருவி மாட்ட வேண்டாம். எதிரே வரும் வாகனத்தைப் பார்க்கும் பக்கமாக ஓடுங்கள். பலத்த காற்றில் முதிர்ந்த ரப்பர் மரக்கிளை ஒடியும். குலை வெட்டும் இடத்துக்கு அருகில் போகவே வேண்டாம்.

## 9. அடிக்கடி நடக்கும் தவறுகள்

- புதிய சப்பாத்தைப் போட்டி நாளில் போடுவது. ஈரக்காலில் அரை மணி நேரத்தில் கொப்புளம் வந்துவிடும். மூன்று, நான்கு முறையாவது நனைத்து ஓடிப் பார்த்துவிடுங்கள்.
- குட்டையைத் தாண்டிக் குதிப்பது. விழும் இடம்தான் அதிகம் வழுக்கும். தடத்தை நடந்து பார்த்துக் குட்டையின் அடி தெரிந்திருந்தால் மெதுவாக ஊடே போங்கள். தெரியாவிட்டால் சுற்றிப் போங்கள்.
- சப்பாத்து வாரை அளவுக்கு மீறி இறுக்குவது. சேற்றில் கழன்றுவிடும் என்ற பயத்தில் இறுக்கினால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும். மேல் துளைவரை கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டால் போதும்.
- தடிமனோடும் காய்ச்சலோடும் ஓடுவது. மூக்கடைப்பு மட்டும் என்றால் எளிய நடை போகலாம். காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடல்வலி இருந்தால் முழு ஓய்வு.
- கூட்டத்தின் வேகத்துக்கு ஓடுவது. சேற்றில் வேகமானவரைப் பின்தொடர்பவர்தான் முதலில் விழுவார். குழுவாக ஓடினால் மெதுவானவர் முன்னால் போகட்டும்.

## 10. ஓட்டத்துக்குப் பிறகு: காலும் சப்பாத்தும்

1. சப்பாத்தைக் கழற்றியவுடன் உள்மெத்தையை வெளியே எடுங்கள். சேற்றைச் சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள்.
2. பழைய நாளிதழைக் கசக்கி நுனிவரை திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதிய தாள் வையுங்கள். தூங்கப்போகும் முன் மூன்றாம் முறை. காலையில் ஏறக்குறைய உலர்ந்திருக்கும்.
3. மின்விசிறிக்கு முன் வையுங்கள். அடுப்பருகிலோ குளிர்பதனப் பெட்டியின் சூடான பின்புறத்திலோ வைத்தால் பசை விட்டுப் போகும்.
4. முடிந்தால் இரண்டு சோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.
5. கால்விரல் இடுக்குகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பவுடர் தூவுங்கள். அரிப்பும் வெள்ளைத்தோலும் வந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. மருந்தகத்தில் களிம்பு வாங்கி, பெட்டியில் சொல்லியிருக்கும் நாள்வரை தடவுங்கள். அரிப்பு நின்றதும் பாதியில் விடாதீர்கள்.

## போட்டிக்கு முந்தைய வாரம்

நீண்ட ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். மேட்டு ஓட்டத்தில் 3 முறை போதும். முடிந்தால் போட்டித் தடத்தை ஒருமுறை நடந்து, சேறு எங்கே, திருப்பம் எங்கே, முந்திச் செல்லப் போதிய அகலம் எங்கே என்று பாருங்கள்.

போட்டி நாளில் மழை கொட்டினால் பலர் முகம் வாடி நிற்பார்கள். நீங்கள் பல வாரமாக இதே மண்ணில், இதே ஈரத்தில் சின்ன அடி வைத்துப் பழகியவர். முதல் 500 மீட்டரில் முண்டியடிக்காமல், மேட்டில் கையை வீசி ஏறி, இறக்கத்தில் முழங்காலை மடக்கி இறங்குங்கள். இடி கேட்டால் மட்டும், அமைப்பாளர் விசில் ஊதக் காத்திருக்காமல், பக்கத்தில் இருப்பவரையும் அழைத்துக்கொண்டு சுவருள்ள கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். போட்டியை இன்னொரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.